பிரிட்டிஷ் ஆக்சென்ட்: நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு எதில் தொடங்குவது?

#1 சிப்புட் டீச்சர்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். ஆறாம் படிவம் முடித்தவர்கள், பாதிப் பேர் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி. வீட்டில் தமிழ், கடையில் மலாய், வாட்ஸ்ஆப்பில் எல்லாம் கலந்து. இலக்கணம் பரவாயில்லை, வாசிப்பும் வரும். சிலர் பிரிட்டன் வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேசும் வேலைக்கு மனு செய்திருக்கிறார்கள், சிலர் ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறார்கள். எல்லாருக்கும் ‘பிரிட்டிஷ் ஆக்சென்ட்’ வேண்டுமாம். யூடியூப் பார்த்துவிட்டு ‘வாட்டர்’ என்பதை நடுவில் தொண்டையை அடைத்து ‘வோ-அ’ என்கிறார்கள். மற்ற சொல்லெல்லாம் பழையபடிதான். வாரம் இரண்டு மணி நேரம், 12 வாரம் கையில் இருக்கிறது. எதில் தொடங்குவது, எதை விட்டுவிடலாம்?

#2 கிராணி வீட்டுப் பேரன்

டீச்சர், எந்த ஊர் பிரிட்டிஷ் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கிளாஸ்கோ, லிவர்பூல், நியூகாசில், பர்மிங்காம், கார்டிஃப் எல்லாம் தனித்தனி ஓசை. ஸ்காட்லாந்துக்காரர் ‘கார்’ என்பதன் கடைசி ஆரை ஒலிப்பார், லண்டன்காரர் ஒலிக்கமாட்டார். வட இங்கிலாந்தில் ‘பாத்’ குறிலாகிவிடும், ‘கப்’ என்பது ஏறக்குறைய ‘குப்’. வகுப்புக்கு வசதியானது தென் இங்கிலாந்தின் இன்றைய பொது உச்சரிப்பு. இணைய அகராதிகளில் ‘யுகே’ பொத்தானை அழுத்தினால் கேட்பது பெரும்பாலும் இதுதான்.

பழைய ஆர்பி (‘ரிசீவ்ட் ப்ரொனன்சியேஷன்’, மேட்டுக்குடி உச்சரிப்பு) வேண்டாம். ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் 1917-இல் உச்சரிப்பு அகராதி போட்டபோது பதிவு செய்தது உயர்குடி உறைவிடப் பள்ளிகளின் பேச்சை. 1926 பதிப்பில்தான் அதற்கு ஆர்பி என்று பெயர் வைத்தார். அதே 1926-இல் பிபிசியும் உச்சரிப்புக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. அந்தக் கால ஒலிப்பதிவுகளைப் பார்த்துப் பழகினால் இன்றைய லண்டனில் நாடகம் போடுவதுபோலக் கேட்கும். எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் உரைகளை 1950கள் தொடங்கி 1980கள் வரை அளந்து பார்த்த ஆய்வு 2000-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அவருடைய உயிரொலிகளே பொதுமக்கள் பேச்சுப் பக்கம் நகர்ந்திருந்தன. ராணியே விட்டதை நாம் பிடிப்பானேன்?

‘வோ-அ’ சங்கதி: இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே ட்-ஐ விழுங்குவது லண்டன் தெருப்பேச்சு. நேர்முகத் தேர்வில் வேண்டாம். மெய்க்கு முன்னால் என்றால், அதாவது ‘ஃபுட்பால்’, ‘நாட் நவ்’ போன்ற இடங்களில், படித்தவர்களும் தொண்டையை அடைப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு இது கைவந்த ஒலி. மலாயில் ‘அனாக்’, ‘தீடாக்’ சொல்லும்போது கடைசி க் அப்படித்தான் நிற்கிறது. தொல்லை எங்கே என்றால், அதே பழக்கத்தில் ‘புக்’, ‘வீக்’ எல்லாவற்றின் கடைசி க்-ஐயும் தொண்டையிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்தக் க்-க்கு நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொட்டாக வேண்டும்.

#3 மூணாம் லயம்

துரைமார் தோட்டத்தை விட்டுப் போய் எத்தனை தலைமுறை ஆச்சு, இன்னும் துரை மாதிரி பேசணுமா? ஐயெல்ட்ஸில் ஆக்சென்டுக்கு மார்க் கிடையாது. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிஷம். அளவுகோல் நாலு: சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. ஆளுக்குக் கால்பங்கு. அந்த உச்சரிப்பும் கேட்கிறவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான், எந்த ஊர் ஓசை என்பதில்லை. பிள்ளைகள் நேரத்தை வேறு எதற்காவது செலவழிக்கலாம் டீச்சர்.

#4 ஒலிப்பெட்டி

ஐயெல்ட்ஸ் பற்றி அண்ணன் சொன்னது சரி, அங்கே மலேசிய ஓசையிலேயே உயர்ந்த பேண்டு வாங்கலாம். தொலைபேசி வேலை வேறு. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை மட்டும் கடத்தும். ‘ஸ்’, ‘ஃப்’, டீ-எச் ஒலிகளின் அடையாளம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது, அதெல்லாம் கம்பியிலேயே உதிர்ந்துவிடும். முகமும் தெரியாது. எதிர்முனையில் இருப்பவர் பிடித்துக்கொள்வது எந்த அசை வலுவாக வருகிறது, எது மெலிகிறது என்பதைத்தான். அதனால் 12 வாரத்தில் முதல் 4 வாரம் ஒலிகளைத் தொடவே வேண்டாம், தாளம் மட்டும் கற்றுக்கொடுங்கள் என்பேன்.

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. சொல் எங்கே வந்தாலும் அளவு பெரிதாக மாறுவதில்லை. மலாயும் அசைக்கு அசை சமமாக நடக்கிற மொழி. இரண்டும் சேர்ந்து வளர்த்த வாய், ‘கம்ஃபர்ட்டபிள்’ என்பதைக் ‘கம்-ஃபர்-டே-பல்’ என்று நாலு சம அசையாகச் சொல்கிறது. பிரிட்டனில் அது மூன்றே அசை: ‘கம்ஃப்-ட-பள்’, முதலது மட்டும் வலு. ‘வெஜிடபிள்’ மூன்று: ‘வெஜ்-ட-பள்’. ‘சாக்லேட்’ இரண்டு: ‘சொக்-லட்’. ‘லேட்’ என்று நீட்டிவிட்டால் அங்கேயே ஊர் தெரிந்துவிடும்.

மெலிந்த அசையில் வரும் அந்த ஒலிக்கு ஷ்வா என்று பெயர். ஆங்கிலத்தில் எல்லா உயிரொலிகளையும்விட அதிகம் வருவது அதுதான். வாயைத் திறக்காமல், குவிக்காமல், விரிக்காமல், நாக்கைச் சும்மா கிடக்கவிட்டு அரை ‘அ’. எழுத்தில் ஏ, ஈ, ஓ, யூ எது இருந்தாலும் வலு இல்லையென்றால் இங்கேதான் வந்து விழும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை வலு. ‘ஃபோட்டோகிராஃபர்’ ஆனதும் வலு இரண்டாவதற்குத் தாவும், முதலது ‘ஃப’ என்று சுருங்கும்: ‘ஃப-டொக்-ர-ஃப’. ‘டெவலப்’, ‘கமிட்டி’ இரண்டிலும் வலு இரண்டாம் அசையில். நம்மவர்கள் முதல் அசையைத் தட்டிவிடுவார்கள்.

பயிற்சி இப்படி. கைபேசியில் மெட்ரோனோம் (தாளம் தட்டும்) செயலி, நிமிடத்துக்கு 60 தட்டு.

‘மென் கட் ட்ரீஸ்’, மூன்று தட்டு.
‘த மென் கட் த ட்ரீஸ்’, அதே மூன்று தட்டு.
‘த மென் ஆர் கட்டிங் த ட்ரீஸ்’, அதே மூன்று.
‘த மென் ஹேவ் பின் கட்டிங் த ட்ரீஸ்’, அப்போதும் மூன்றுதான்.

நடுவில் சேர்ந்தவை எல்லாம் தட்டுகளுக்கு இடையில் நசுங்கிக்கொண்டு போக வேண்டும். ‘ஹேவ் பின்’ என்பது ‘அவ்-பின்’. 60-இல் வந்த பிறகு 80. ஆய்வகத்தில் அளந்தால் ஆங்கிலத் தட்டுகள் சம இடைவெளியில் வருவதில்லை என்பதும் உண்மை. இது பழக்கத்துக்கான கருவி மட்டும், மொழியின் விதி என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

அடுத்து மெலியும் சிறு சொற்கள், ஏறத்தாழ 40 இருக்கும். ‘டு’ என்பது ‘ட’, ‘ஃபார்’ என்பது ‘ஃப’, ‘ஆஃப்’ என்பது ‘அவ்’, ‘அன்ட்’ என்பது ‘அன்’, ‘வாஸ்’ என்பது ‘வஸ்’. முக்கியமானது ‘கேன்’. முடியும் என்றால் ‘கன்’, ஒரு கணம்கூட நிற்காது. முடியாது என்றால் ‘கா-ன்ட்’, நெடில் ஆ, வலுவோடு. தொலைபேசியில் கடைசி ட் கேட்கவே வேண்டாம், உயிரொலியே பிரித்துக் காட்டிவிடும். நம் பிள்ளை ‘ஐ கேன் ஹெல்ப் யூ’ என்று கேனை அழுத்தினால், முடியாது என்கிறாளோ என்று எதிர்முனையில் ஒரு தயக்கம் விழும்.

வாக்கியத்தின் கடைசியில் நின்றால் இவை மெலியாது. ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்’, ‘வேர் ஆர் யூ ஃப்ரொம்’ இரண்டிலும் கடைசிச் சொல்லுக்கு முழு உயிர். இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் அங்கேயும் விழுங்குவார்கள்.

#5 செம்பனை

தாளம் முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு வாரம் ஒலியைத் தொடாமல் இருக்க முடியாது, ஒன்றை மட்டும் முதல் நாளே திருத்துங்கள்: சொல்லின் முதலில் வரும் ப், ட், க்.

தமிழில் ‘பல்’ என்னும்போது உதடு திறந்ததுமே குரல் தொடங்கிவிடும். ஆங்கிலத்தில் உதடு திறந்து, ஒரு மூச்சு வெளியே போய், அதன் பிறகுதான் குரல். அந்த மூச்சு இல்லாவிட்டால் ‘பின்’ என்று ஊசியைக் கேட்டால் குப்பைத்தொட்டி என்று காதில் விழும், ‘கோட்’ என்று சட்டையைச் சொன்னால் ஆடு நிற்கும். சோதனை எளிது. டிஷ்யூ தாளை மெல்லிய பட்டையாகக் கிழித்து வாய்க்கு நேரே, மிக அருகில் பிடியுங்கள். ‘பென்’, ‘டென்’, ‘கென்’ சொன்னால் தாள் துள்ள வேண்டும். ‘ஸ்பெண்ட்’, ‘ஸ்டே’, ‘ஸ்கை’ சொல்லும்போது அசையக்கூடாது, ஸ்-க்குப் பின் மூச்சு வராது. வலு இல்லாத அசையிலும் மூச்சு குறைவு. எல்லா ப-வையும் ஊதித் தள்ளுகிற பிள்ளையும் வரும், அதையும் அடக்குங்கள்.

அடுத்தது இரட்டிப்பு. ‘பேப்பர்’, ‘பட்டன்’, ‘ஹேப்பி’ என்று நாம் மெய்யை இரண்டாக நிறுத்துவோம். தமிழில் ஒற்றை ப் நடுவில் வந்தால் குழைந்துவிடும் என்பதால் அப்படி எழுதுகிறோம், எழுதுவதையே பேசுகிறோம். ஆங்கிலத்தில் அந்த ப் ஒற்றைதான், ஆனால் குழையாது. உதட்டைச் சட்டென்று தொட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசி உகரம்: ‘பஸ்ஸு’, ‘புக்கு’. சொல்லிவிட்டு வாயை அப்படியே நிறுத்தினாலே போய்விடும். கடைசிக் கூட்டெழுத்து விழுவது இதைவிடப் பெரிய தொல்லை, மலேசியப் பேச்சில் ‘லாஸ்ட்’ எல்லாமே ‘லாஸ்’. இதில் ஒரு கணக்கு உண்டு. ‘லாஸ்ட் வீக்’ என்பதில் பிரிட்டிஷ்காரரும் ட்-ஐ விடுவார், இரண்டு பக்கமும் மெய். ‘லாஸ்ட் அவர்’ என்பதில் விடமாட்டார், ட் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்: ‘லாஸ்-டவ’. நம்மவர்கள் இரண்டிலும் விடுகிறார்கள். இரண்டாவதைப் பிடித்தால் போதும்.

#6 நல்லூர்ப் பெயர்த்தி

ட் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. தமிழ் ‘ட’ நாக்கை வளைத்து மேலண்ணத்தில் தொடுவது. ஆங்கில ட், மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் தொடுவது. பிரிட்டிஷ் காதுக்கு இந்தியத் தமிழ்ப் பேச்சு உடனே அடையாளம் தெரிவது இந்த வளைந்த ட், ட-வின் மெல்லிய இனம் இரண்டாலும்தான்.

இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் வழி சுலபம். யாழ்ப்பாணத்தில் ‘கிரிக்கற்’, ‘ரிக்கற்’ என்று எழுதுவதை வீட்டில் பார்த்திருப்பார்கள். அந்த ற் நாக்கு நுனி மேட்டில் தொடும் ஒலி, ஆங்கில ட்-க்கு அதுவே சரியான இடம். மற்றவர்களுக்கு: ‘அவன்’ என்று சொல்லி ன்-இல் நாக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இடத்திலிருந்து நாக்கை நகர்த்தாமல் மூச்சை வெடித்து விட்டால் ஆங்கில ட். ‘அண்’ என்று ண்-இல் நிறுத்தி ஒப்பிட்டுக் காட்டினால் இடம் எவ்வளவு பின்னால் போகிறது என்பது பிள்ளைக்கே தெரியும். ‘டென்’ என்ற சொல் நல்லது, தொடக்கமும் முடிவும் ஒரே இடம்.

#7 சிப்புட் டீச்சர்

ன்-இல் நிறுத்துவது அருமை. ‘வி’, ‘டபிள்யூ’ இரண்டும் பிள்ளைகளுக்கு ஒன்றாகவே வருகிறது. ஆர் எழுத்தில் ஆளுக்கொரு கருத்து, சிலர் உருட்டுகிறார்கள், சிலர் அமெரிக்கன் மாதிரி வளைக்கிறார்கள். டீ-எச் பற்றியும் சொல்லுங்கள்.

#8 செம்பனை

டீச்சர், தமிழ் வ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதனால் எதற்கும் பொருந்தாது. ‘வி’க்கு மேல்பல் கீழுதட்டின் உள்விளிம்பில் பட்டு, காற்று உரசி, உதடு கூச வேண்டும். ‘டபிள்யூ’வில் பல் எங்கேயும் படக்கூடாது. ‘ஊ’ என்று உதட்டைக் குவித்து அதிலிருந்தே ‘ஊ-எட்’ என்று வேகமாகப் போனால் ஈரம், பல்லில் தொடங்கினால் கால்நடை மருத்துவர். கண்ணாடி முன்னால் பழகணும், காதால் மட்டும் பிடிபடாது. ‘வெரி வெல்’ என்ற இரண்டு சொல் பத்துத் தடவை, ஒவ்வொன்றிலும் பல் ஒருமுறை வந்து ஒருமுறை மறைய வேண்டும். வழக்கமாக எல்லாவற்றையும் டபிள்யூ ஆக்கிக்கொண்டு ‘ஊவெரி ஊவெல்’ என்று வருவார்கள். அது அடுத்த கட்டத்தின் அறிகுறி, பயப்பட வேண்டாம்.

ஆர்: தமிழ் ர நாக்கு தட்டுவது. பிரிட்டிஷ் ஆரில் நாக்கு எதையும் தொடாது. நமக்குப் பக்கத்தில் இருப்பது ழ. ‘பழம்’ சொல்லி ழ-வில் நிறுத்தி, நாக்கின் வளைவைக் கொஞ்சம் தளர்த்தி முன்னே விட்டு, உதட்டை லேசாகக் குவித்தால் ‘ரெட்’ சரியாக வரும். ழகரத்தை ளகரமாகச் சொல்கிற பிள்ளைக்கு இந்த வழி உதவாது, முதலில் தமிழைத் திருத்தணும் 😀

உயிரொலிக்குப் பின்னால் ஆர் இருந்தால் ஒலிக்காது: ‘கார்’ என்பது ‘கா’, ‘ஃபார்ம்’ என்பது ‘ஃபாம்’. மலேசியப் பேச்சில் ஏற்கெனவே பெரும்பாலும் இப்படித்தான் என்பதால் அமெரிக்கரைவிட நம்ம பிள்ளைகள் ஒரு படி முன்னே நிற்கிறார்கள். எழுத்தைப் பார்த்து வாசிக்கும்போதுதான் ஆர் திரும்ப வந்துவிடும். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ஆர் உயிர்பெறும்: ‘த கா ரிஸ் ஹியர்’. எழுத்தில் இல்லாத இடத்திலும் வரும், ‘லா அன்ட் ஆர்டர்’ என்பது ‘லோ-ர-ன் ஓட’. இந்த இல்லாத ஆரைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, கேட்டால் புரிந்தால் போதும்.

டீ-எச்: தமிழ் த-வுக்கு நாக்கு பல்லை அடைக்கும். இதில் நாக்கு நுனி மேல்பல் விளிம்பில் பட்டும் படாமல், காற்று நிற்காமல் சீறணும். ‘த்ஹ்ஹ்’ என்று மூன்று எண்ணும்வரை நீட்ட முடிந்தால் சரி, நீட்டவே முடியாவிட்டால் அது தமிழ் த. ‘த்ரீ’யை ‘ட்ரீ’ என்பது நம்ம ஊர்ப் பழக்கம், எண்கள் சொல்லும் வேலையில் இது ஆபத்து. ‘த’, ‘தட்’ போன்ற சிறு சொற்களில் தமிழ் த வந்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள், அதில் நேரம் போக்காதீர்கள்.

#9 கிராணி வீட்டுப் பேரன்

உயிரொலிகளுக்கு ஒலியியலாளர் ஜான் வெல்ஸ் 1982-இல் வகுத்த 24 சொற்குடும்பங்களைப் பயன்படுத்துங்கள். கிட், டிரெஸ், டிராப் (பொறி), லாட் என்று ஒவ்வொரு உயிருக்கும் ஒரு தலைச்சொல். புதுச் சொல் வந்தால் எந்தக் குடும்பம் என்று மட்டும் கேட்டால் போதும். 24-ம் நடத்த வேண்டாம். நம்மவர்களுக்கு உதைப்பது இவை:

‘கோட்’ குடும்பம். நாம் நேராக ஓ என்கிறோம். பிரிட்டனில் ஷ்வாவில் தொடங்கி உ-வுக்குப் போகும்: ‘நோ’ என்பது ‘நஅ-உ’. உதடு தொடக்கத்தில் குவியக்கூடாது. இந்த ஒரு உயிர் மாறினாலே கேட்கிறவர் ‘பிரிட்டிஷ்’ என்பார்.

‘ஃபேஸ்’ குடும்பம். ஏ என்று நிற்காமல் எ-இ என்று நகரணும். சுலபம்.

‘நர்ஸ்’ குடும்பம்: பேர்ட், வொர்க், லேர்ன், ஃபர்ஸ்ட். எழுத்து நாலு விதம், உயிர் ஒன்றே. ஷ்வாவை நீட்டினால் இது. உதடு குவியாது, ஆர் கிடையாது.

‘டிராப்’ குடும்பம். கட்டிலும் மட்டையும் நம் பேச்சில் ஒரே ‘பெட்’. மட்டைக்குத் தாடை நன்றாக இறங்கணும், இன்றைய பிரிட்டிஷ் பேச்சில் அது குறில் அ-வுக்கு ரொம்பப் பக்கம். பழைய ஒலிப்பதிவுகளில் இது ‘எ’ பக்கம் இருக்கும், அதைப் பின்பற்றாதீர்கள்.

‘லாட்’ குடும்பம். ஆஃபீஸ், காலேஜ், டாக்டர் என்று நாம் ஆ போட்டு எழுதுவதெல்லாம் குறில், உதடு குவிந்த ஒ.

‘பாத்’ குடும்பம். கிளாஸ், பாஸ், லாஸ்ட், ஆஸ்க், டான்ஸ், ஹாஃப், ஆன்ட் எல்லாம் நெடில் ஆ. மலேசியாவில் இது பழக்கத்திலேயே இருக்கிறது. கற்றவுடன் எல்லா இடத்திலும் ஆ போட ஆரம்பிப்பதுதான் தவறு. ‘கிளாஸ்’ நெடில், ‘கிளாசிக்’ குறில். ‘பாஸ்’ நெடில், ‘பேசஞ்சர்’ குறில். அத்தை என்ற ‘ஆன்ட்’ நெடில், எறும்பு குறில். ‘கேஸ்’ என்ற வாயுவும் குறில். விதி கிடையாது, பட்டியல்தான்.

இன்னொன்று, இதைப் பாடப்புத்தகங்கள் ஓரத்தில் தள்ளிவிடுகின்றன. கடைசி மெய் அதிராத ஒலி என்றால் முன்னால் உள்ள உயிர் குறுகும். ‘விலை’யும் ‘பரிசு’ம் நம் வாயில் இரண்டுமே ‘பிரைஸ்’. விலையில் ‘ஐ’ வெட்டென்று முடியும், பரிசில் நீளும், கடைசி ஸ் தொண்டையில் கை வைத்தால் அதிரும். கேட்கிறவர் பிரித்தறிவது பெரும்பாலும் நீளத்தால்தான். நாய்கள் ‘டாக்ஸ்’, கார்கள் ‘காஸ்’ இரண்டிலும் பன்மை ஸ் அதிரணும், பூனைகளில் அதிரக்கூடாது. இந்தக் குறுக்கத்தால்தான் ஷிப், ஷீப் இரண்டையும் மாத்திரையை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. ப்-க்கு முன் ஈ-யும் குறுகிவிடும். கப்பலின் இ-க்கு நாக்கு தளர்ந்து சற்றே எ பக்கம் சாயணும்.

#10 மூணாம் லயம்

இவ்வளவு விஷயம் இருக்கும்னு நினைக்கலை. சரி, ஒரு கேள்வி. வாக்கியக் கடைசியில போடுற ‘லா’வை எடுத்துட்டா நம்ம இங்கிலீஷ் மொட்டையா, கோபமா கேட்குதே. ‘கேன் லா’ன்னா கனிவு, ‘கேன்’ மட்டும் சொன்னா சண்டை. பிரிட்டிஷ்காரன் அந்தக் கனிவை எங்கே வைக்கிறான்?

#11 ஒலிப்பெட்டி

அண்ணே, குரலின் ஏற்ற இறக்கத்தில் வைக்கிறான். ‘யெஸ்’ என்பதை மேலிருந்து கீழே இறக்கினால் முடிந்த பேச்சு. இறக்கி, கடைசியில் கொஞ்சம் ஏற்றினால் ‘ஆமாம், ஆனால்...’, அல்லது மென்மையாக மறுப்பது. ‘ஐ கான்ட் டூ மண்டே’ என்பதில் ‘மண்’-இல் இறங்கி ‘டே’-இல் ஏறினால், செவ்வாய் பரவாயில்லை என்று சொல்லாமலே சொன்னதாகும். நாம் ‘லா’, ‘மா’, ‘வாட்’ போட்டு முடிக்கும் வேலை பெரும்பாலும் இந்த இறங்கி ஏறும் ஓசையில் நடக்கிறது. வாடிக்கையாளர் வேலைக்கு இது உயிரொலிகளைவிட முக்கியம்.

யார், எங்கே, எப்போது என்ற கேள்விகள் கீழே இறங்கி முடியும். நம்மவர்கள் எல்லாக் கேள்வியையும் ஏற்றுவார்கள். ‘இஸின்ட் இட்’ போன்ற ஒட்டுக்கேள்வி: தெரிந்த விஷயத்துக்கு ஒப்புதல் கேட்டால் இறக்கம், உண்மையாகவே தெரியாமல் கேட்டால் ஏற்றம்.

எந்தச் சொல்லில் அழுத்தம் என்பதும் இருக்கிறது. மலேசியப் பேச்சில் அழுத்தம் வாக்கியக் கடைசிக்கே ஓடும். ‘டூ யூ வான்ட் சம் டுரியன்?’ என்று கேட்டால் நம் பதில் ‘ஐ டோன்ட் லைக் டுரிஅஅன்’. டுரியன் பழைய செய்தி, புதியது பிடிக்காது என்பது. அழுத்தம் ‘லைக்’-இல் விழுந்து, டுரியன் தட்டையாக அடியில் ஓடணும். முன்னால் வந்த சொல் திரும்ப வந்தால் அழுத்தாதே, இந்த ஒரு விதிக்கு ஒரு வகுப்பு முழுவதும் கொடுக்கலாம்.

#12 ரயில்வே கேட்

வீட்டில் எப்படிப் பழகுவது என்பதற்கு ஒரு முறை. 20 முதல் 30 விநாடி ஒலித்துண்டு, ஒரே ஆள் பேசுவது, பின்னணி இசை இல்லாதது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலையே 12 வாரமும் பின்பற்றட்டும், வாரம் ஒரு ஆள் என்று மாற்றினால் எதுவும் ஒட்டாது. முதலில் பார்க்காமல் கேட்டு எழுதுவது. பிறகு எழுத்துப்படியில் வலு அசைகளைக் குறிப்பது. அதற்குப் பிறகுதான் வாய் திறப்பது: வேகத்தை 0.75-க்குக் குறைத்து, பேசுகிறவருக்கு அரை விநாடி பின்னால் கூடவே சொல்வது, முதலில் முணுமுணுப்பாக, பிறகு குரலில். முழு வேகத்தில் வந்ததும் பதிவு. ஒரு துண்டுக்கு ஒரு வாரம்.

பதிவு செய்யும்போது கைபேசி வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், நேரே இல்லாமல் கன்னத்துப் பக்கம். நேரே வைத்தால் இப்போது கற்ற ப், ட் மூச்சு மைக்கில் வெடிக்கும். தகரக்கூரையில் மழை பெய்யும் மாலையை விடுங்கள். துணி நிறைந்த அலமாரி பக்கம் நின்று பேசினால் எதிரொலி குறையும்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எழுதிய ‘பிராட்’ என்ற இலவச மென்பொருள் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும். ஆண் குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 500 என்று வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் கோடு திடீரென்று இரட்டிப்பாகத் தாவும். மூலக்குரலின் கோட்டையும் பிள்ளையின் கோட்டையும் மேலே கீழே வைத்துப் பார்த்தால் டுரியன் சங்கதி கண்ணால் தெரியும். ஒரு சொல் பலர் வாயில் எப்படி வருகிறது என்று கேட்க ‘யூகிளிஷ்’ தளத்தில் ‘யுகே’ என்று வடிகட்டிக்கொள்ளலாம். அதில் ஸ்காட்லாந்துக்காரரும் வருவார், கவனம்.

#13 சிப்புட் டீச்சர்

அனைவருக்கும் நன்றி. இந்த வாரம் கொடுக்கப் போகும் வாக்கியம் இது. வலு அசைக்கு முன் * போட்டிருக்கிறேன், சரிபாருங்கள்.

த *நெக்ஸ்ட் *ட்ரெயின் டு *ஈப்போ *லீவ்ஸ் அட் எ *குவார்ட்டர் *பாஸ்ட் *நைன், பட் இட் *கேன் பி *லேட் இஃப் இட் *ரெயின்ஸ்.

#14 ஒலிப்பெட்டி

இரண்டு * எடுக்கணும் டீச்சர். ‘கேன்’ இங்கே ‘கன்’. ‘பாஸ்ட்’ என்பதில் நெடில் ஆ இருக்கும், தட்டு விழாது, தட்டு ‘நைன்’-க்குப் போகட்டும். ‘குவார்ட்டர்’ என்று எழுதினால் பிள்ளைகள் ஆ சொல்வார்கள், அது நெடில் ஓ, உதடு குவிந்து, ஆர் இரண்டும் இல்லாமல்: ‘க்வோ-ட’. ஒட்டும் இடங்களையும் குறியுங்கள்: ‘லீவ்-ஸ-ட-க்வோட’, ‘ப-டிட்’, ‘இ-ஃபிட்’. ‘நெக்ஸ்ட் ட்ரெயின்’-இல் ட் ஒருமுறைதான், இரண்டாக நிறுத்தக்கூடாது.

#15 கிராணி வீட்டுப் பேரன்

‘நைன்’-இல் குரல் முழுதாகக் கீழே விழுந்தால் வாக்கியம் அங்கேயே முடிந்ததாகிவிடும், ‘பட்’ வரும் என்று கேட்கிறவருக்குத் தெரியாது. அங்கே இறக்கி லேசாக ஏற்றணும், ‘ரெயின்ஸ்’-இல்தான் முழு இறக்கம். ‘லேட்’-இல் ட்-க்கு முன் உயிர் குறுகும், ‘ரெயின்ஸ்’-இல் நீளும், கடைசி ஸ் அதிரும். பிள்ளைகள் பதிவு செய்ததும் இங்கே ஏற்றுங்கள் டீச்சர், கேட்டுச் சொல்கிறோம்.